முள்காட்டுக்கு ஒரு பை

அருப்புக்கோட்டை: தறியும் தையலும்

மதுரையிலிருந்து தூத்துக்குடிக்குப் போகும் நான்குவழிச் சாலையை விட்டு அருப்புக்கோட்டைக்குள் திரும்பினால், வண்டிச் சத்தத்தையும் மீறிக் கேட்பது விசைத்தறியின் சத்தம். 1977-ல் எம்.ஜி.ஆர். நின்று ஜெயித்து முதலமைச்சரான தொகுதி என்று வெளியூர்க்காரர்கள் இந்த ஊரை நினைவு வைத்திருக்கிறார்கள். ஊர்க்காரர்களைக் கேட்டால் நூலைச் சொல்வார்கள், சேலையைச் சொல்வார்கள், அதற்கப்புறம் மல்லிகைப்பூவைச் சொல்வார்கள். தேவாங்கரும் சாலியரும் தலைமுறை தலைமுறையாகத் தறியில் உட்கார்ந்த ஊர் இது. கைத்தறி குறைந்து விசைத்தறி பெருகிவிட்டது. துணி கைக்கு வந்ததும் கட்டைவிரலால் தேய்த்துப் பார்க்கும் பழக்கம் மட்டும் யாரையும் விட்டுப் போகவில்லை.

அந்தக் கட்டைவிரல்களைத் தேடித்தான் வந்தேன். மோட்டார் சைக்கிளில் தார்ச்சாலையை விட்டு இறங்கிப் பயணம் போகிறவர்களுக்குப் பை வடிவமைத்துத் தைத்துக் கொடுப்பது என் தொழில். 2016-ல் ராயல் என்ஃபீல்டின் இமாலயனும், 2019-ல் ஹீரோவின் எக்ஸ்பல்ஸ் 200-ம் வந்த பிறகு மண்பாதை தேடிப் போகும் ஆசை நம் பிள்ளைகளிடம் பெருகியிருக்கிறது. வண்டி கிடைத்துவிட்டது. சாமான்களை எதில் கட்டிக்கொண்டு போவது என்பதுதான் இன்னும் தீராத கேள்வி.

நடிகர்கள் யுவான் மெக்ரிகரும் சார்லி பூர்மனும் லண்டனிலிருந்து கிழக்கே கிளம்பி நியூயார்க் வரை போன ‘லாங் வே ரவுண்ட்’ பயணம் 2004-ல் நடந்தது. அதைத் தொலைக்காட்சித் தொடராகப் பார்த்தவர்கள் மனதில் அலுமினியப் பெட்டிதான் நெடும்பயணத்தின் அடையாளமாகப் பதிந்தது. நல்ல சாலையில் பெட்டி நல்லதுதான், பூட்டலாம், நனையாது. மண்பாதையில் வண்டி சாயும். சாயும்போது பெட்டிக்கும் தரைக்கும் நடுவில் கால் மாட்டினால் எலும்பு முறியும். பெட்டி நெளிந்துவிட்டால் மூடியும் மூடாது. அதனால்தான் அமெரிக்காவில் ஜயன்ட் லூப், மாஸ்கோ மோட்டோ, இங்கிலாந்தில் கிரீகா, இங்கே பெங்களூரில் வியாடெரா, மும்பையில் ரைனாக்ஸ் என்று பலரும் துணிப் பைகளின் பக்கம் வந்தார்கள். நானும் அந்தப் பக்கம்தான்.

ஆனால் நான் மன்னார்குடிப் பக்கத்துக்காரன். எங்கள் ஊரில் மூட்டைக்கு ஒரே எதிரி தண்ணீர். வாய்க்கால், சேறு, ஐப்பசி அடைமழை: இவற்றுக்குத் தாங்கினால் அது நல்ல பை. அருப்புக்கோட்டைக்குக் கிழக்கே திருச்சுழி, கமுதி என்று விரியும் இந்தக் காய்ந்த சீமையில் எதிரிகள் வேறு. சீமைக் கருவேல முள், கரிசல் புழுதி, வெயில், ஓயாத குலுக்கல். புதிதாக வெட்டித் தைத்த ஒரு ஜோடிப் பக்கப் பைகளை இமாலயனில் தொங்கவிட்டுக்கொண்டு மாசிக் கடைசியில் கிளம்பினேன். கூட ஒரு நண்பர், அவர் வண்டியில். அவருடையது தையலே இல்லாமல் சூட்டில் ஒட்டிச் செய்த பிவிசி பை.

தறிக்கூடத்துத் திண்ணையில் உட்கார்ந்திருந்த பெரியவர் ஒருவரிடம் என் பைத் துணியின் மிச்சத்தைக் கொடுத்தேன். ஆயிரம் டெனியர் நைலான் என்றேன். அவர் முகம் சுருங்கியது.

“ஆயிரமா? ஆயிரம்னா காத்துல பறக்கணுமே தம்பி. இது கித்தான் கணக்கால்ல இருக்கு!”

அவர் கேட்டது நியாயம். பருத்தி நூலில் நம்பர் ஏற ஏற நூல் சன்னமாகும். ஒரு பவுண்டு நூலில் 840 கெஜச் சிட்டம் எத்தனை என்பதுதான் அந்தக் கணக்கு. நாற்பதாம் நம்பரை விட எண்பதாம் நம்பர் மெல்லியது. டெனியர் இதற்குத் தலைகீழ். 9,000 மீட்டர் நூல் எத்தனை கிராம் நிற்கிறது என்று பார்ப்பது. எண் ஏறினால் நூல் தடிக்கும். சொன்னதும் தலையாட்டிவிட்டு அவர் தம் சோதனையைத் தொடங்கினார். துணியைப் பாவு வாக்கில் இழுத்தார், அசையவில்லை. ஊடை வாக்கில் இழுத்தார், அசையவில்லை. மூலைக்கு மூலை கோணலாகப் பிடித்து இழுத்தார். துணி இளகி நீண்டது.

“பட்டையை எந்தப் பக்கமா வச்சுத் தச்சிருக்கீக?” என்று கேட்டுவிட்டு, அவரே எழுந்து வந்து வண்டியில் தொங்கிய பையைப் பார்த்தார். தோள்பட்டை போலச் சரிந்து போகும் பட்டையைத் தொட்டு, “இது கோணலா இழுக்குது. கனம் ஏறுனா பை ஒரு பக்கமா சரிஞ்சிரும். பாவு போற வழியிலேயே பட்டையும் போகணும்” என்றார். துணியின் பலம் எத்தனை என்று கம்பெனிக் காகிதம் சொல்லும். எந்தத் திசையில் என்பதை இப்படி ஒரு விரல்தான் காட்டித் தருகிறது.

கடைத்தெருவில், லாரி படுதாவும் ஆட்டோ சீட்டும் தைக்கும் குஷன் கடை அண்ணாச்சியிடம் அடுத்த பாடம். தையல் நெருக்கமாக இருந்தால் பலம் என்று நம்மில் பலர் நினைக்கிறோம். பூச்சுப் போட்ட கெட்டித் துணியில் நெருக்கிப் போட்ட ஊசித் துளைகள் தபால்தலை ஓரத்தைப் போலத் துணியையே கிழித்துக் கொடுத்துவிடும். அண்ணாச்சி தடித்த நூலை எடுத்து நீளத் தையலாக ஓட்டுகிறார். கனம் தொங்கும் இடத்தில் மட்டும் சதுரம் போட்டு, அதற்குள் பெருக்கல் குறி போடுகிறார். கனம் ஒரே கோட்டில் இறங்காமல் நாலு பக்கமும் பரவுவதற்கு அந்தக் குறி. எந்த ஊர்ப் பையைத் திருப்பிப் பார்த்தாலும் பட்டை சேரும் இடத்தில் இதே குறி இருக்கும்.

“பஸ் சீட்டு வருசக் கணக்கா நிக்குது தம்பி. அதுக்கு மேல தினமும் எத்தனை பேர் ஏறி எறங்குறாங்க! உம்ம பைல அம்புட்டுக் கனமா இருக்கு?” என்று கேட்டார். அவர் கேட்டதில் எனக்கு ஒரு நம்பிக்கை பிறந்தது.

திருச்சுழிச் சாலை: எக்ஸ்எல் பாடம்

ஊரைத் தாண்டியதும் இரண்டு பக்கமும் வானம் தரைவரை இறங்கிவிடுகிறது. கரிசல் வெடித்துக் கிடக்கிறது. மழைக்காலத்தில் உப்பிச் சக்கரத்தை விடாமல் பிடிக்கும் இதே மண், கோடையில் சுருங்கிக் கைநுழையும் அளவுக்கு வாய் பிளக்கும். நடுநடுவே வெடித்த பருத்தி; அறுத்துப் போட்ட மல்லிச் செடியின் மணம். எங்கள் பக்கம் பச்சையைத் தவிர வேறு நிறம் பார்க்க மாசியில்கூட அலைய வேண்டும். இங்கே மண்ணின் கறுப்பும் வைக்கோலின் மஞ்சளும் கண்ணுக்குப் பழகக் கொஞ்ச நேரம் பிடித்தது. பழகிய பிறகு, எத்தனை வகை மஞ்சள் என்று தெரிந்தது.

சாலையோர டீக்கடையில் ஒரு டிவிஎஸ் எக்ஸ்எல் நின்றிருந்தது. வண்டியே தெரியவில்லை. பிளாஸ்டிக் குடம், வாளி, முறம், துடைப்பம், பாய். மலையாகக் குவித்த சாமானுக்குக் கீழே இரண்டு சக்கரம் மட்டும். 1980-ல் ஒசூரிலிருந்து டிவிஎஸ் 50 வந்த நாள் முதல் இந்தச் சீமையின் சரக்கு வண்டி இதுதான். உரமூட்டை, பால் கேன், ஆட்டுக்குட்டி, கருவாட்டுக் கூடை எல்லாம் இதன் முதுகில் போயிருக்கின்றன. தார்ச்சாலைக்கு வெளியே மோட்டார் சைக்கிள் பயணம் என்று நாம் இன்று பெருமையாகச் சொல்வதை இவர்கள் பிழைப்பாகத் தினமும் செய்கிறார்கள், கண்மாய்க் கரையிலும் வண்டிப்பாதையிலும்.

வியாபாரி டீயை ஆற்றிக்கொண்டே தம் மூட்டையின் கணக்கைச் சொன்னார். கனமான எவர்சில்வர் பாத்திரம் காலுக்கு நடுவே, தரைப்பலகையில். அடுத்த கனம் சீட்டின் இரு பக்கமும், பழைய ஃப்ளெக்ஸ் பேனரை உள்ளே வைத்துச் சாக்கில் தைத்த பைகளில். காற்றடைத்த லேசான குடங்கள் மட்டும் மேலே, பின்னால்.

“கனத்தைப் பின்னாடி தள்ளிக் கட்டுனா முன்சக்கரம் மண்ணுல நிக்காதுண்ணே, அதுபாட்டுக்கு அலையும். கனம் சக்கரம் ரெண்டுக்கும் நடுவுல இருக்கணும். தாழ இருக்கணும்.”

மாஸ்கோ மோட்டோவும் ஜயன்ட் லூப்பும் தங்கள் பைகளைப் பின் அச்சுக்கு முன்னால், ஓட்டுகிறவரின் இடுப்பை ஒட்டி உட்காரும்படி வெட்டுவதற்குக் காரணம் இதே கணக்குத்தான். பின் அச்சுக்குப் பின்னால் வைக்கும் ஒவ்வொரு கிலோவும் முன்சக்கரத்தைத் தூக்கப் பார்க்கும். மணலில் முன்சக்கரம் லேசானால் கைப்பிடி சொன்ன பேச்சு கேட்காது.

அவருடைய கட்டு எனக்கு இன்னொன்றையும் காட்டியது. கயிறே இல்லை. எல்லாம் பழைய சைக்கிள், லாரி டியூப்பை நீளவாக்கில் வெட்டிய பட்டைகள். ஏன் என்று கேட்டேன். குலுக்கலில் சாமான் அமுங்கி இடம் குறையும்போது கயிறு தொய்ந்துவிடும். டியூப் கூடவே சுருங்கிப் பிடித்துக்கொள்ளும் என்றார். பாதி ரப்பர், பாதி பட்டை என்று தைத்து வெளிநாட்டில் நல்ல விலைக்கு விற்கும் கட்டுப்பட்டையின் வேலையும் இதுதான். நைலான் பட்டை நனைந்தால் நீளும், பாலியெஸ்டர் அவ்வளவு நீளாது என்ற வித்தியாசத்தை நான் சொன்னேன். அவர் கேட்டுக்கொண்டார். டியூப்பை மாற்றுவதாக இல்லை; மாற்ற வேண்டிய காரணமும் இல்லை.

திருச்சுழி: எதைக் கொண்டுபோவது

குண்டாற்றங்கரையில் இருக்கிறது திருச்சுழி. ஊரின் நடுவில் திருமேனிநாதர் கோயில், அம்மன் துணைமாலையம்மை. சுந்தரர் பாடிய தலம். பிரகாரத்துக் கல்தளம் அந்த வெயிலிலும் தூண் நிழல் விழுந்த இடத்தில் குளிர்ந்து கிடந்தது. கோயிலுக்குப் பக்கத்திலேயே ரமண மகரிஷி பிறந்த வீடு. சுந்தர மந்திரம் என்று பெயர். 1879 டிசம்பர் 30-ல், திருவாதிரை நாளில் இங்கே வேங்கடராமனாகப் பிறந்தவர், 1896-ல் பதினாறு வயதில் மதுரையிலிருந்து திருவண்ணாமலைக்குக் கிளம்பினார். அண்ணனின் கல்லூரிக் கட்டணத்துக்காக வைத்திருந்த ஐந்து ரூபாயில் மூன்றை மட்டும் எடுத்துக்கொண்டு, இரண்டை வைத்துவிட்டுப் போனார். வழியில் காதுக் கடுக்கனை அடகு வைக்க நேர்ந்தது. செப்டம்பர் 1 அன்று திருவண்ணாமலையில் இறங்கியதும், கையில் இருந்த பலகாரப் பொட்டலத்தை அய்யங்குளத்தில் எறிந்துவிட்டார்.

பை தைக்கிறவன் அந்த வீட்டில் நின்றால் தன் தொழிலைப் பற்றி யோசிக்காமல் இருக்க முடியாது. நாம் துறவிகள் இல்லை. பல்துலக்கியும் மாற்றுத்துணியும் நமக்கு வேண்டும். ஆனால் பெரிய பை கொடுத்தால் மனிதர் அதை நிரப்பாமல் விடமாட்டார் என்பதை வாடிக்கையாளர் ஒவ்வொருவரிடமும் பார்த்திருக்கிறேன். நிரப்பிய கனம் வண்டியின் சட்டத்தை இழுக்கும், தையலை இழுக்கும், கடைசியில் ஓட்டுகிறவரின் தோளை இழுக்கும். பை நீடித்து உழைக்க வேண்டுமென்றால் முதலில் அதன் அளவைக் குறைக்க வேண்டும். கெட்டித் துணியும் நல்ல நூலும் அதற்கு அடுத்த வரிசையில்தான் வருகின்றன.

மத்தியானம் ஒரு சின்ன வீட்டுக் கடையில் குதிரைவாலிச் சோறும் கருவாட்டுக் குழம்பும். குதிரைவாலி இந்த மானாவாரி மண்ணின் தானியம். பரிமாறிய அம்மா, “நெல்லுச் சோறு திங்கிற ஊருக்காரவுகளுக்கு இது எறங்குமோ என்னமோ” என்று சந்தேகப்பட்டார். இரண்டாம் முறை சோறு வாங்கியதும் சந்தேகம் தீர்ந்து, குழம்புச் சட்டியையே பக்கத்தில் கொண்டுவந்து வைத்துவிட்டார்.

குண்டாற்றுக் கரை: முள்ளும் கோணி ஊசியும்

திருச்சுழியிலிருந்து குண்டாற்றின் போக்கிலேயே கமுதிப் பக்கம் இறங்கினோம். ஆற்றில் மணல்தான் ஓடுகிறது, நீர் இல்லை. கரைமேல் போகும் ஒற்றைத் தடத்தை இரண்டு பக்கமும் சீமைக் கருவேலம் நெருக்குகிறது. அமெரிக்கக் கண்டத்து மரம். விறகுக்காகக் கொண்டுவந்து பரப்பியது, கண்மாய்க்குள்ளும் ஆற்றுக்குள்ளும் தரிசிலும் புகுந்துவிட்டது. சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை அகற்றச் சொல்லி உத்தரவிட்டும் வேர் போகவில்லை. காய்ந்த முள் டயரையே துளைக்கும். ஆனாலும் இந்த மரத்தை வெட்டிக் கரி சுட்டுத்தான் இங்கே ஆயிரக்கணக்கான குடும்பங்களுக்கு அடுப்பு எரிகிறது. திட்டிக்கொண்டே அண்டி வாழ்கிறார்கள்.

இந்தத் தடத்தில் ஓர் அளவு புரிந்தது. கைப்பிடி நுழையும் சந்தில் பையும் நுழைய வேண்டும். கைப்பிடியின் அகலத்தைப் பை ஒரு விரல் தாண்டினாலும் அந்த விரலை முள் கேட்கும். என் பைகள் உள்ளடங்கி இருந்தன. ஆனாலும் முள் நூலுக்கும் நூலுக்கும் நடுவே புகுந்து உள்பூச்சைக் குத்தியிருந்தது. நண்பரின் பைக்கு வெட்டிவிட்ட கருவேலங்கட்டை ஒன்று காத்திருந்தது. இடித்து, மாட்டி, வண்டி முன்னே போக, ஒரு சாண் நீளத்துக்குக் கிழித்துவிட்டது.

பக்கத்து ஊர் பஞ்சர் கடைத் தம்பி கிழிசலைத் தடவிப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார். “இது ரப்பர் இல்லண்ணே, பிவிசி. நம்ம சொல்யூஷன் இதுல நிக்காது. இப்ப ஒட்டுன மாதிரி இருக்கும், வெயில் ஏறுனா உரிஞ்சு வந்துரும்.” அவர் சொன்னது சரி. சூட்டில் ஒட்டிய பையைத் திரும்ப ஒட்ட அதற்குரிய சூட்டுக் கருவி வேண்டும், இல்லையென்றால் பிவிசிக்கென்றே வரும் பசை வேண்டும். இரண்டும் அந்த ஊரில் இல்லை.

கொஞ்சம் தள்ளி ஒரு வெட்டவெளியில் கரிமூட்டம் புகைந்துகொண்டிருந்தது. வெட்டிய கட்டைகளை நெருக்கி அடுக்கி, மேலே தழையும் வைக்கோலும் பரப்பி, மண் பூசி, உள்ளே தீயிட்டு, காற்றை அளந்து விடுகிறார்கள். எரிந்து சாம்பலாகாமல் புழுங்கிக் கரியாக வேண்டும். எந்த ஓட்டை வழியாக எவ்வளவு புகை என்று பார்த்துக்கொண்டே நாள்கணக்கில் காவல் இருக்கும் வேலை. ஆறிய மூட்டத்திலிருந்து கரியை அள்ளிச் சாக்கில் கட்டிக்கொண்டிருந்த ஓர் ஆத்தா எங்களைக் கூப்பிட்டார்.

“கிழிஞ்சதுக்கு எதுக்குய்யா மூஞ்சியத் தொங்கப் போட்டுட்டு நிக்கிறீக? இங்கிட்டுக் கொண்டாங்க.”

அவர் கையில் கோணி ஊசி. அரையடி நீளம், முனை தட்டையாகி லேசாக வளைந்தது. சாக்கு வாயைத் தைத்துத் தைத்துக் காது பளபளத்திருந்தது. நூலுக்கு அவர் எங்கும் போகவில்லை. உரச்சாக்கின் ஓரத்திலிருந்து இரண்டு இழை உருவினார். தொடையில் வைத்து உள்ளங்கையால் ஒரே உருட்டில் முறுக்கி ஒன்றாக்கினார். ஒரு மெழுகுவத்தித் துண்டில் இழுத்து எடுத்தார். அடுத்துப் பையைத் திருப்பி, கிழிசலுக்கு உள்ளே ஒரு சாக்குத் துண்டைக் கொடுத்தார். நான் கவனித்துக்கொண்டிருந்தது அவர் எங்கே தொடங்கப்போகிறார் என்பதை. கிழிசலின் வாயில் தொடங்கவில்லை. கிழிசல் முடியும் முனையைத் தாண்டி, ஒரு கட்டைவிரல் தூரம் நல்ல துணிக்குள் போய், அங்கே முதல் குத்தைப் போட்டார்.

“முனைய மொதல்ல நிறுத்தணும்யா. இல்லன்னா நீங்க இங்க தைக்கத் தைக்க அது அங்க ஓடிக்கிட்டே இருக்கும்.”

போய்த் திரும்பி, போன துளையிலேயே மறுபடி ஊசி வாங்கி, இரட்டைத் தையலாக மறுமுனையைத் தாண்டி முடிச்சுப் போட்டார். நண்பர் பையைத் தூக்கிப் பார்த்தார். கனம் நின்றது. தையல் துளை வழியாகத் தண்ணீர் போகுமே என்றார். ஆத்தா சிரித்துக்கொண்டே, உரமூட்டைக்குள் வரும் பாலித்தீன் உறை ஒன்றை எடுத்து உதறிக் கொடுத்தார். “இத உள்ள போட்டு வாயச் சுருட்டிக் கட்டுங்க. மழையே பெஞ்சாலும் ஒண்ணும் ஆகாது.”

காசை வாங்கவே மாட்டேன் என்றார். கட்டாயப்படுத்தியதும் பேரனைக் கூப்பிட்டு அவன் கையில் கொடுக்கச் சொன்னார்.

நான் பல மாதமாக வரைந்து அழித்துக்கொண்டிருந்த வடிவம் அந்த மூட்டத்தின் அருகே முடிவானது. ஒரே துணி முள்ளையும் தாங்க வேண்டும், தண்ணீரையும் தடுக்க வேண்டும் என்று கேட்பதால்தான் சிக்கல். முள் ஒரு துளை போட்டால் இரண்டு வேலையும் ஒன்றாகக் கெடுகிறது. வெளிப்பை தைத்ததாக இருக்கட்டும். கிழிந்தால் யாரும் தைக்கலாம். தண்ணீருக்கு உள்ளே தனியாக ஓர் உறை, வெளிப்பையோடு ஒட்டாமல். அது ஓட்டையானால் மாற்றிவிடலாம்; உரச்சாக்கு உறைகூடப் போதும்.

கமுதிப் பக்கம்: வெயிலும் கமலையும்

கமுதியை நெருங்கும்போது களமெங்கும் சிவப்பு. குண்டுகுண்டாகக் காயும் முண்டு மிளகாய். ராமநாதபுரம் முண்டு என்று 2023-ல் புவிசார் குறியீடு வாங்கியது. கொஞ்ச தூரத்தில் அதே வெயிலை வேறு வகையில் அறுவடை செய்கிறார்கள். 2016-ல் கமுதியருகே எழுந்த 648 மெகாவாட் சூரிய மின்நிலையத்தின் கண்ணாடிப் பலகைகள் வரிசை வரிசையாக மினுங்குகின்றன. மிளகாயைக் காயவைத்து மின்சாரமும் தரும் வெயில், பைக்கு நல்லதல்ல. நைலான் நூல் தொடர்ந்து வெயில் பட்டால் உள்ளுக்குள் நொறுங்கும். துணி நன்றாக இருக்கும்போதே தையல் விட்டுப்போகும். வெளியே தெரியும் தையலுக்குப் பாலியெஸ்டர் நூல்தான் இந்தச் சீமைக்குச் சரி.

புழுதி ஜிப்பைத் தின்கிறது. கரிசல் தூள் பற்களுக்கு நடுவே புகுந்து, ஒவ்வொரு முறை இழுக்கும்போதும் உப்புக்காகிதத்தின் வேலையைச் செய்கிறது. நண்பரின் பையில் பக்க ஜிப் பாதி வழியில் நின்றுவிட்டது. வாயைச் சுருட்டி மடித்துக் கொக்கி மாட்டும் பை அப்படியே இருந்தது. பெரிய வாய்க்கு ஜிப் வேண்டாம் என்று குறித்துக்கொண்டேன்.

தோட்டக் கிணறு ஒன்றில் முகம் கழுவ ஒதுங்கியபோது, மோட்டார் அறைக்குப் பின்னால் துருப்பிடித்த இரும்புச் சால் ஒன்று கவிழ்ந்து கிடந்தது. கமலைச் சால். மாடு கட்டி இறைத்த பெரியவர் அங்கேயே இருந்தார். சாலுக்குக் கீழே தோல் வால் ஒன்று உண்டு. வடம் சாலைத் தூக்கும், சின்னக் கயிறு வாலை மடித்துப் பிடிக்கும். மேலே வந்ததும் வால் நீண்டு தண்ணீரை வாய்க்காலில் கொட்டும் என்று கையாலேயே வரைந்து காட்டினார். “தோலு தேஞ்சா தைப்போம், எண்ணெய் போடுவோம். ரொம்பப் போனா வாலை மட்டும் மாத்துவோம். சாலு எங்க அய்யா காலத்துது.”

கனம் விழும் இடத்தில் இரும்பு, மடங்கும் இடத்தில் தோல், இரண்டும் கழற்றி மாட்டும்படி. தேய்கிற பாகம் தனியாகத் தேய்ந்து தனியாக மாற வேண்டும் என்று யோசித்துச் செய்த பொருள் அது. அந்தத் தோலைத் தைத்துக் கொடுத்தவர்களை ஊர் ஒதுக்கித்தான் வைத்திருந்தது. அவர்கள் தைத்த தோல் வழியாக வந்த தண்ணீரில்தான் ஊர் வெள்ளாமை செய்தது. கைவேலை அறிவைப் பாராட்டுகிற யாரும் அதை மறந்துவிட்டுப் பாராட்டக் கூடாது.

மண்டபசாலை வழியே: முடிவான வடிவம்

திரும்பும்போது மண்டபசாலை வழியாக அருப்புக்கோட்டை. குஷன் கடை அண்ணாச்சி கடையை அடைக்காமல் இருந்தார். பட்டையைப் பிரித்துப் பாவு வாக்கில் திருப்பினோம். கனம் முழுவதும் பட்டைச் சட்டம் தாங்க, பை அதற்குள் வெறுமனே உட்காரும்படி பிரித்தோம். பை பழுதானால் பையை மட்டும் கழற்றலாம், பட்டை பழுதானால் பட்டையை மட்டும். பிளாஸ்டிக் கொக்கிகளைத் தைத்து மூடாமல், பட்டையை உருவி மாற்றும்படி விட்டோம். சைலன்சர் பக்கம் ஒரு துண்டு கெட்டித் தோல் வைத்தார். நைலான் சூட்டில் உருகும், தோல் உருகாது. உள்ளுறை வெள்ளை நிறத்தில். அடியில் கிடக்கும் சாமான் தெரிய வேண்டுமல்லவா.

அவர் ஊசி மாற்றும் நேரத்தில், ஆத்தா போட்ட தையலைக் காட்டினேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு நெடுநேரம் பார்த்தார். “இத நான் பிரிக்க மாட்டேன். இப்படியே இருக்கட்டும்” என்றார். நண்பரும் பிரிக்கவில்லை.

நீடித்து உழைக்கும் பை என்றால் கிழியாத பை என்று விளம்பரங்கள் சொல்கின்றன. கிழியாத துணி எதையும் நான் இன்னும் பார்க்கவில்லை. முள்ளும் கல்லும் வெயிலும் உள்ள பாதையில் போனால் எதுவும் ஒரு நாள் கிழியும். கிழிந்த இடத்தில், கிழிந்த அன்றே, அந்த ஊர்க் கையால் சரிசெய்ய முடிகிற பைதான் நீடித்து உழைக்கும் பை. அதைத் தைக்கத் தேவையான அறிவில் பெரும்பகுதி அருப்புக்கோட்டைத் தறியிலும் குஷன் கடையிலும், எக்ஸ்எல் வியாபாரியின் கட்டிலும், குண்டாற்றுக் கரையின் கரிமூட்டத்திலும் இருக்கிறது. பை வடிவமைக்கும் நம் இளைஞர்கள் வெளிநாட்டுப் பைகளைப் பிரித்துப் பார்ப்பதோடு, இந்தப் பக்கமும் ஒரு முறை வந்து இவர்களிடம் உட்கார்ந்து கேட்க வேண்டும். கேட்டதற்கு உரிய கூலியையும் மரியாதையையும் கொடுக்க வேண்டும்.

பை வாங்கப் போகிறவர்களுக்கு ஒன்று. எத்தனை டெனியர், எத்தனை லிட்டர் என்று கேளுங்கள். கூடவே, கிழிந்தால் எங்கள் ஊர்த் தையல்காரர் இதைத் தைக்க முடியுமா என்றும் கேளுங்கள். முடியாது என்றால் வாங்காதீர்கள். வாங்கிய பைக்குள் முதல் சாமானாக ஒரு கோணி ஊசியும் பத்து முழம் மெழுகு நூலும் போட்டு வையுங்கள்.